தொடக்கப் பள்ளியில் போதைத் தடுப்பு: ஒரு கல்வியாண்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் குழந்தைகளுக்குப் போதைத் தடுப்பு எதற்கு, உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள். 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இந்தியப் பகுதி இதற்குப் பதில் சொல்கிறது. 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்திவந்தார்கள். வாயில் வைக்கும் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பத்து வயது நிறைவதற்குள்ளேயே தொடங்கியிருந்தார்கள். அந்த வயதில் குழந்தை நான்காவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருக்கும். அதே ஆண்டு வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வில், மூச்சில் இழுக்கும் பொருட்களின் பயன்பாடு பெரியவர்களிடம் 0.58 சதவீதமாகவும் 10 முதல் 17 வயதினரிடம் 1.17 சதவீதமாகவும் இருந்தது. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவதாக அந்த ஆய்வில் தெரியவந்த ஒரே வகை இதுதான்.

ஆகவே தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி கவனிக்க வேண்டிய பொருட்களின் பட்டியல் சிறியது: கூல் லிப், ஹான்ஸ், மாவா போன்ற வாயில் வைக்கும் புகையிலை, வாசனைப் பாக்கு, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர், வைட்னர், பெட்ரோல், வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் பீடி, சிகரெட், மது. கஞ்சாவையும் ஊசியையும் பற்றி ஏழு வயதுக் குழந்தையிடம் பேச வேண்டியதில்லை. இந்த வயதில் போதைத் தடுப்பின் பெரும்பகுதி போதைப் பொருளின் பெயரையே சொல்லாமல் நடக்க வேண்டிய வேலை. வகுப்பறை ஒழுங்காக நடப்பது, குழந்தை பள்ளியில் ஒட்டுதலோடு இருப்பது, வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுவது, பள்ளியைச் சுற்றியுள்ள கடைகள் சுத்தமாவது, வீட்டுப் பெரியவர்கள் சில பழக்கங்களை மாற்றிக்கொள்வது ஆகிய ஐந்தும்தான் அந்த வேலை.

முதலில் நிறுத்த வேண்டியவை

ஒரு நாள் பேரணி, ஒரு உறுதிமொழி, ஒரு ஓவியப் போட்டி, ஒரு புகைப்படம். ஜூன் 26 போதைப் பொருள் ஒழிப்பு நாள் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே வந்துவிடுவதால் ஆண்டு முழுவதற்குமான வேலை அந்த ஒரு காலைப் பொழுதோடு முடிந்துவிடுகிறது. மே 31 புகையிலை ஒழிப்பு நாள் கோடை விடுமுறையில் போய்விடுகிறது. பேரணி நடத்துவதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் நடத்திவிட்டுத் தடுப்புப் பணி முடிந்ததாகக் கணக்கு எழுதக் கூடாது.

உலக அளவில் இதற்குப் பெரிய பாடம் அமெரிக்காவின் டேர் திட்டம். 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையும் அந்நகரப் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து தொடங்கினார்கள். சீருடையில் வரும் காவலர் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பார். பெற்றோருக்குப் பிடித்திருந்தது, பள்ளிகளுக்குப் பிடித்திருந்தது, நாடு முழுவதும் பரவியது. ஆனால் மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள், டேர் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டின. பிற்பாடு அவர்களே பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது.

ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் வெளியிட்டு, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2018இல் புதுப்பித்த தடுப்புத் தரநிலைகளும் இதையே சொல்கின்றன. வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தும் படங்கள், பழக்கத்திலிருந்து மீண்டவரை மேடையேற்றிக் கதை சொல்லவைப்பது ஆகியவற்றால் பலன் இல்லை. கடைசியாகச் சொன்னது நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதுதான். ஆனால் ஒன்பது வயதுப் பையன் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: இந்த அண்ணன் எல்லாம் பண்ணியிருக்கார், இப்போ நல்லாத்தானே இருக்கார், மேடையில மைக் பிடிக்கிறார்.

இன்னொன்றையும் அறவே தவிர்க்க வேண்டும். கண்காட்சி என்ற பெயரில் குட்கா பாக்கெட்டுகளையும் சொல்யூஷன் டியூப்பையும் மேசையில் பரப்பி வைத்து, இதை இப்படிப் பயன்படுத்துவார்கள் என்று விளக்குவது. தெரியாத குழந்தைக்கு அது செய்முறை விளக்கம்.

படி 1: ஜூன் மாதம், பள்ளியைச் சுற்றி ஒரு வரைபடம்

பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள இரண்டு பெற்றோர் என நாலு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 100 அடி டேப் ஒன்று போதும்.

சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம் (2003) பிரிவு 6, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடை செய்கிறது. 100 கெஜம் என்பது 300 அடி, சுமார் 91 மீட்டர். இங்கேதான் வழக்கமாகத் தகராறு வரும். கடைக்காரர் கேட்டிலிருந்து ரோடு வழியாக அளந்து, 400 அடி வருதே என்பார். விதிப்படி அளவு தொடங்க வேண்டியது சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி விளிம்பிலிருந்து. அதுவும் எல்லாத் திசையிலும் நேர்கோட்டில். பின்சுவரை ஒட்டிய சந்தில் இருக்கும் பெட்டிக்கடை, சாலை வழியாகச் சுற்றிப்போனால் தூரமாகத் தெரிந்தாலும், எல்லைக்குள்தான் வரும். டேப்பை மூன்று முறை வைத்து அளந்து, அந்த இடத்தில் மஞ்சள் கோடு போடுங்கள். புகையிலையில்லாக் கல்வி நிறுவனங்களுக்கான மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டுதல்கள் (2019) இந்தக் கோட்டைப் போடச் சொல்கின்றன. பள்ளி வாசலில் அறிவிப்புப் பலகையும், பொறுப்பாளராக ஓர் ஆசிரியரும் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

நடக்கும்போது ஒரு தாளில் படம் வரைந்து கடைகளைக் குறியுங்கள். கடையின் பெயரைவிட முக்கியமாகக் குறிக்க வேண்டியவை: சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கின்றனவா, மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கின்றனவா, ஒற்றைச் சிகரெட் விற்கிறார்களா, சிகரெட் வடிவ மிட்டாய் இருக்கிறதா, பஞ்சர் கடையில் காலி சொல்யூஷன் டியூப்புகளை எங்கே வீசுகிறார்கள், பள்ளி விட்ட பிறகு வளாகத்துக்குள் யார் உட்கார்கிறார்கள். திங்கள் காலை மைதானத்தில் கிடக்கும் பாட்டில்களும் கிழிந்த பாக்கெட்டுகளும் எந்த மூலையில் கிடக்கின்றன என்பதையும் எழுதுங்கள். அவற்றைப் பொறுக்கும் வேலையை மட்டும் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்து கடைக்காரரிடம் பேச்சு. முதல் முறை பெற்றோர் போய்ப் பேசட்டும். நம்ம புள்ளைங்க வர்ற வழி அண்ணே என்று உள்ளூர்க்காரர் சொல்வதற்கு இருக்கும் மதிப்பு, ஆசிரியர் நீட்டும் சுற்றறிக்கைக்கு இருக்காது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். மாறவில்லை என்றால் எழுத்தில் புகார். பிரிவு 6இன் அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் அதை மட்டும் நம்பினால் பயன் குறைவு. குட்கா, பான் மசாலா போன்றவை தமிழ்நாட்டில் 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டு, அத்தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. ஆகவே புகாரின் நகல் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் போக வேண்டும். குழந்தை கையிலேயே கொடுத்திருந்தால் விஷயம் வேறு. இளைஞர் நீதிச் சட்டம் (2015) பிரிவு 77இன்படி குழந்தைக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தப் பிரிவைப் புகாரில் எண்ணோடு எழுதினால் காவல் நிலையத்தில் அதைப் படிக்கும் விதமே மாறும்.

படி 2: நல்லொழுக்க விளையாட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 1969இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் செய்து பார்த்து வெளியிட்ட எளிய முறை இது. 1985இல் பால்டிமோர் நகரின் 19 தொடக்கப் பள்ளிகளில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. முதல் இரண்டு வகுப்புகளில் இதை விளையாடிய குழந்தைகளை 19, 21 வயது வரை பின்தொடர்ந்தார்கள். குறிப்பாக, ஒன்றாம் வகுப்பிலேயே முரட்டுத்தனம் காட்டிய பையன்களிடம் போதைப் பழக்கமும் புகைப்பழக்கமும் கணிசமாகக் குறைந்திருந்தன. அந்த வகுப்புகளில் போதையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதில்லை. ஒன்றாம் வகுப்பில் உட்கார முடியாத பையன் தினமும் திட்டு வாங்குகிறான். மற்ற பிள்ளைகள் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. படிப்பு பின்தங்குகிறது. மூன்றாவது நான்காவது வரும்போது அவனைச் சேர்த்துக்கொள்வது, அவனைப் போலவே ஒதுக்கப்பட்ட பெரிய பையன்கள்தான். பாக்கெட் அவர்களிடமிருந்துதான் வருகிறது. அந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுப்பதுதான் இந்த விளையாட்டின் வேலை.

ஜூலையில், தொடங்கும் முன் ஒரு வாரம். நாலு விதிகளைக் குழந்தைகளோடு சேர்ந்து எழுதுங்கள்: கொடுத்த வேலையைச் செய்வோம், மெதுவாகப் பேசுவோம், கேட்டுவிட்டு எழுந்திருப்போம், யாரையும் அடிக்கவோ கேலி செய்யவோ மாட்டோம். ஒவ்வொரு விதிக்கும் எது சரி, எது மீறல் என்று நடித்துக் காட்டுங்கள். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்பதை அவர்களைப் பேசவைத்தே காட்ட வேண்டும். இதே வாரத்தில் மூன்று நாள், தலா பத்து நிமிடம், ஒன்றும் சொல்லாமல் மீறல்களை எண்ணிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட இந்த எண் வேண்டும்.

அணி பிரித்தல். ஓர் அணியில் ஐந்து முதல் ஏழு பேர். துறுதுறுப்பானவர், அமைதியானவர், ஆண், பெண் எல்லாம் கலந்து. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசுத் திட்டமான எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே குழுக்கள் இருப்பதால் அவற்றையே அணிகளாக வைத்துக்கொள்ளத் தோன்றும். வைக்காதீர்கள். படிப்பில் பின்தங்கியவர்கள் ஒரே அணியில் சேர்ந்து, அவர்களே தினமும் தோற்பார்கள். தெருவாரியாக உட்கார்ந்து பழகிய பிள்ளைகளையும் கலைத்து உட்காரவையுங்கள். அணிப் பெயராகப் பூ, பறவை போதும்.

ஆட்டம். வாரம் மூன்று நாள், பத்து நிமிடம், அவர்களாகவே செய்யக்கூடிய எழுத்து வேலையோ கணக்கோ கொடுத்த பிறகு. விளையாட்டு ஆரம்பம் என்று அறிவித்துத் தொடங்குங்கள். யாராவது விதியை மீறினால் அந்த அணிக்கு ஒரு கோடு. சொல்ல வேண்டியது இவ்வளவுதான், குரல் உயர்த்தாமல்: “மைனா அணிக்கு ஒரு கோடு, கேட்காமல் எழுந்ததற்கு. குயிலும் கிளியும் வேலையைப் பார்க்கிறார்கள், நன்று.” குழந்தையின் பெயர் வரக் கூடாது. முறைப்பு, பெருமூச்சு, அறிவுரை எதுவும் கூடாது. முடிவில் நாலு கோடு அல்லது அதற்குக் கீழ் வாங்கிய எல்லா அணியும் வெற்றி. அணிகள் ஒன்றையொன்று தோற்கடிக்க வேண்டியதில்லை. எல்லாரும் ஜெயிக்கலாம்.

பரிசு உடனே கிடைக்க வேண்டும், காசு செலவாகக் கூடாது. ஒரு நிமிடம் தவளை மாதிரி குதிக்கலாம், விருப்பமான பாட்டை மேசையில் தாளம் போட்டுப் பாடலாம், கரும்பலகையில் கிறுக்கலாம், அன்று மதியம் சத்துணவு வரிசையில் முதலில் நிற்கலாம். மிட்டாய் கொடுத்துப் பழக்கினால் இரண்டாவது மாதம் மிட்டாய் இல்லாமல் ஆட்டம் நடக்காது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆட்ட நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டுங்கள். இரண்டாம் பருவத்தில் அறிவிக்காமலே தொடங்கி, முடிவில் மட்டும் சொல்லுங்கள். பரிசை நாள் இறுதிக்கும், பிறகு வெள்ளிக்கிழமைக்கும் தள்ளுங்கள். யாரும் பார்க்காதபோதும் தன்னை அடக்கிக்கொள்ளும் பழக்கம் இந்தக் கட்டத்தில்தான் வளர்கிறது. பல பள்ளிகள் பத்து நிமிட ஆட்டத்திலேயே நின்றுவிடுவதால் பாதிப் பலன் போய்விடுகிறது.

எங்கே கெடும்? ஒரு பையன் வேண்டுமென்றே அணியைத் தோற்கடிப்பான், சிரிப்பு கிடைக்கிறதே என்று. இரண்டு மூன்று ஆட்டத்துக்கு அவனைத் தனி ஆள் அணியாக வையுங்கள். அவனுக்கும் அதே நாலு கோடு, அதே பரிசு. சிரிக்க ஆளில்லாதபோது பெரும்பாலும் அடங்கிவிடும். அணியினர் ஒரு குழந்தை மீது பாய்ந்தால், கேலிக்கும் கோடு உண்டு என்ற நாலாவது விதியை உடனே பயன்படுத்துங்கள். எல்லா அணியும் தொடர்ந்து தோற்றால் தவறு குழந்தைகளிடம் இல்லை. நேரம் அதிகம் அல்லது கொடுத்த வேலை கடினம். ஐந்து நிமிடமாகக் குறைத்து வெற்றியை முதலில் ருசிக்கவிடுங்கள். வாங்கிய வெற்றியைப் பிற்பகல் சேட்டைக்காகப் பறித்தால் ஆட்டம் அன்றோடு செத்தது.

ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் கைகொடுக்கும். ஒரே அறையில் மூன்று வகுப்பு இருக்கும்போது, இரண்டு வகுப்பு விளையாட்டில் அமைதியாக எழுத, மூன்றாவது வகுப்போடு ஆசிரியர் உட்காரலாம்.

படி 3: வகுப்புவாரியான பாடங்கள்

1, 2ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு ஆறு பாடம், தலா 30 நிமிடம். கருத்து ஒன்றே: தெரியாத எதையும் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும், முகர வேண்டும். கழுவிக் காயவைத்த காலிப் பாட்டில்களைக் கொண்டுவாருங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிவைத்த பினாயில் எப்படி இருக்கும் என்பதற்கு, அதே நிறத்தில் சாயம் கலந்த தண்ணீரைக் காட்டி, குடிக்கலாமா என்று கேளுங்கள். குடிக்கலாம் என்று பாதிக் கைகள் தூக்கப்படும். அங்கிருந்து பாடம் தொடங்கட்டும். பார்த்தால் தெரியாது, பெரியவங்களைக் கேட்டால்தான் தெரியும். உண்மையான மருந்தையோ பினாயிலையோ வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். பாடம் நடத்திய அடுத்த வாரம், இளஞ்சிவப்பு இரும்புச் சத்து மாத்திரையையோ குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோலையோ குழந்தை துப்பிவிடும், மாத்திரை கெட்டது என்று. வலிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ மருந்து எடுக்கும் குழந்தை வீட்டில் அடம்பிடிக்கும். எனவே முதல் பாடத்திலேயே சொல்லிவிட வேண்டும்: டாக்டர், நர்ஸ், அம்மா அப்பா, டீச்சர் கொடுக்கும் மருந்து உடம்பைச் சரியாக்கும், நாமாக எடுத்தால்தான் ஆபத்து. கிராம சுகாதார செவிலியரை ஒரு பாடத்துக்கு வரச்சொன்னால் இந்தக் குழப்பம் தீரும்.

3ஆம் வகுப்புக்கும் ஆறு பாடம்: கோபம், பயம், வெட்கம், பொறாமை என்று உள்ளுக்குள் நடப்பதற்குப் பெயர் சொல்வது, கோபம் வந்தால் நின்று மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டுப் பிறகு பேசுவது, உதவி கேட்பது. உள்ளங்கையைத் தாளில் வைத்து வரைந்து, ஐந்து விரலிலும் தான் நம்பும் ஐந்து பெரியவர்களின் பெயரை எழுதவையுங்கள். இரண்டு விரலுக்கு மேல் நிரப்ப முடியாத குழந்தைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள் அவர்கள்.

4, 5ஆம் வகுப்புகளுக்குப் பத்துப் பாடம், வாரம் ஒன்று, தலா 40 நிமிடம். புகையிலையைப் பெயர் சொல்லியே பேசலாம், ஏனென்றால் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். புற்றுநோய்ப் படங்கள் ஒன்பது வயதில் உறைக்காது. நாற்பது வயதில் வரப்போகும் நோய் அவர்களுக்கு வேறு யாருக்கோ வருவது. உடனே தெரிவதைச் சொல்லுங்கள்: வாய் நாற்றம், பல்லில் கறை, உதட்டின் உட்புறம் எரிந்து வெளுத்துப்போவது, தலைசுற்றல், ஓட்டத்தில் மூச்சு வாங்குவது. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3,650 ரூபாய். அதில் என்னவெல்லாம் வாங்கலாம் என்று கணக்குப் பாடத்திலேயே போடவையுங்கள். எல்லாரும் போடுறாங்க என்ற எண்ணத்தை உடைக்க ஒரு பாடம் வேண்டும். பெரிய வகுப்பு அண்ணன் அக்காக்களிலேயே நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் தொடுவதில்லை. கரும்பலகையில் நூறு புள்ளி வைத்து ஒன்பதை மட்டும் வட்டமிட்டுக் காட்டினால் கண்ணுக்கே தெரியும்.

சொல்யூஷன், தின்னர், வைட்னரை வேறு விதமாகக் கையாள வேண்டும். போதை தரும் என்ற சொல்லே வரக் கூடாது. அதைச் சொன்னால் ஆர்வத்தைத்தான் விதைப்போம். பெயின்ட், பெட்ரோல், பூச்சிமருந்தோடு சேர்த்து விஷப் புகை வரும் பொருட்கள் என்று சொல்லுங்கள்: ஜன்னலைத் திறந்துவை, மூடியை மூடு, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே, நெருப்பருகே வைக்காதே. ஆசிரியருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, இவற்றை முதல் முறை இழுத்தவருக்கே இதயத் துடிப்பு தாறுமாறாகி மரணம் நேரலாம் என்பது. பழக்கம் முற்றினால்தான் ஆபத்து என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது.

மறுக்கும் பயிற்சி, பத்தில் மூன்று பாடம். வேண்டாம் என்று சொல், அங்கிருந்து நகரு, நம்பும் பெரியவரிடம் சொல் என்று மூன்று அசைவு. இதை வாயால் சொல்லிப் பழகாத குழந்தைக்குத் தேவைப்படும் நேரத்தில் வார்த்தை வராது. ஒவ்வொருவரும் எழுந்து நின்று குறைந்தது இரண்டு முறை சொல்ல வேண்டும்.

“டேய், ஒண்ணு வச்சுப் பாரு, மிட்டாய் மாதிரிதான் இருக்கும்.”
“வேணாம்ணே.”
“பயமா? சும்மா ஒரு நிமிஷம்டா.”
“வேணாம்ணே, அம்மா தேடுவாங்க, நான் கிளம்புறேன்.”

கொடுப்பவராக ஆசிரியர் மட்டுமே நடிக்க வேண்டும். மாணவர் ஒருவரைக் கொடுப்பவராக நடிக்கவைத்தால், அவர்தான் அன்று வகுப்பின் நட்சத்திரம். எல்லாரும் அவர் வசனத்துக்குத்தான் சிரிப்பார்கள். விற்கும் பேச்சுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நம் ஊரில் இன்னொரு கஷ்டம் உண்டு. நீட்டுவது எப்போதும் யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் இல்லை. கல்யாண வீட்டில் சித்தப்பா ஒரு வாய் பியர் கொடுப்பார், தாத்தா வெற்றிலையோடு துளி புகையிலை வைத்துக் கொடுப்பார், மாமா சிகரெட்டை இழுத்துப் பார்க்கச் சொல்லிச் சிரிப்பார். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று நாமே வளர்த்த குழந்தைக்கு அங்கே வாய் எழாது. மரியாதை கெடாமல் மறுக்கும் வாக்கியங்களைக் கையில் கொடுங்கள்: “வேணாம் சித்தப்பா, டீச்சர் கேப்பாங்க.” “எனக்குப் பிடிக்காது தாத்தா.” பழியை டீச்சர் மேல் போட அனுமதி உண்டு என்று வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லுங்கள். குழந்தைக்கு அது பெரிய விடுதலை.

வகுப்பில் கட்டாயம் ஒரு குழந்தை, எங்கப்பா தினமும் குடிப்பாங்க என்று சொல்லும். எல்லார் முன்னிலும் மேலும் கேட்காதீர்கள், அப்பாவைக் குறை சொல்லவும் வேண்டாம். சொன்னதற்கு நன்றி, அப்புறம் நாம தனியா பேசலாம் என்று சொல்லிவிட்டு, அன்றே தனியாகப் பேசுங்கள். அந்தக் குழந்தை கேட்க வேண்டிய மூன்று செய்தி: இது உன்னால் வந்தது இல்லை, நீ நிறுத்தவைக்கவும் முடியாது, பயமாக இருந்தால் போக ஓர் இடம், சொல்ல ஓர் ஆள் உண்டு. அடி, உதை இருக்கிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

படி 4: பெற்றோர் கூட்டம்

பருவத்துக்கு ஒன்று, 45 நிமிடம், மாலை. அப்பாக்கள் வர வேண்டும் என்றால் பிள்ளைகள் பாடும் ஒரு பாட்டையாவது நிகழ்ச்சியில் வையுங்கள். அறிவுரை வேண்டாம், நாலு வேண்டுகோள் போதும். குழந்தையைக் கடைக்கு அனுப்பிச் சிகரெட், பீடி, புகையிலை வாங்கவைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதே குற்றம், அப்பாவுக்காக என்றாலும். மது, மாத்திரை, தின்னர் மூன்றும் பூட்டின அலமாரியில் அல்லது கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். பினாயிலையும் மண்ணெண்ணெயையும் குடிக்கும் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மொபைல் இல்லாமல், இன்னிக்கு என்ன நடந்துச்சு என்று கேளுங்கள். குடிப்பழக்கம் உள்ள தந்தையரைக் கூட்டத்தில் சுட்டினால் அடுத்த கூட்டத்துக்கு அந்தக் குடும்பமே வராது. நிறுத்த விரும்புவோருக்கு 14446 என்ற தேசிய உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைத்தால் போதும், தேவைப்படுபவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு குழந்தையிடம் பாக்கெட் கிடைத்தால்

எல்லார் முன்னிலும் பையைக் கொட்டிச் சோதிப்பது, அடிப்பது, காலை வணக்கக் கூட்டத்தில் நிறுத்துவது எதுவும் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 உடல், மன ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. பிரிவு 16இன்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை பள்ளியை விட்டு நீக்கவும் முடியாது. சட்டத்தை விடுங்கள், டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பையன் நேராக அந்தக் கடை வாசலுக்குத்தான் போவான்.

முதலில் உடம்பைப் பாருங்கள். வாந்தி, வியர்வை, தலைசுற்றல், வாயில் நுரை, குழறிய பேச்சு, துணியில் அல்லது மூச்சில் ரசாயன வாடை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது 108. மூச்சில் இழுத்திருப்பதாகத் தெரிந்தால் காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து அமைதிப்படுத்துங்கள். துரத்தக் கூடாது, அதட்டிப் பயமுறுத்தக் கூடாது. அந்த நேரத்தில் திடீர் அதிர்ச்சியும் ஓட்டமும் இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

உடம்பு சரியாக இருந்தால் தலைமையாசிரியரும் குழந்தைக்குப் பிடித்த ஓர் ஆசிரியரும் மட்டும் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே கிடைத்தது, யார் கூட இருந்தார்கள், இதற்கு முன் எத்தனை முறை. ஏன் செய்தாய் என்று கேட்டால் பதில் வராது, அழுகைதான் வரும். அன்றே பெற்றோரை அழையுங்கள், அடிக்க மாட்டோம் என்ற வாக்கை வாங்கிவிட்டுச் சொல்லுங்கள். காவல் துறைக்குப் போகும் புகார், பாக்கெட்டைக் குழந்தைக்குக் கொடுத்தவர் மீது; அதில் குழந்தையின் பெயர் வெளியே போகாமல் பாருங்கள். ஒரு முறை என்றால் ஒரு மாதம் வாரந்தோறும் பத்து நிமிடப் பேச்சு போதும். தொடர்ந்து என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோருக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐக் கொடுங்கள். அதே வாரத்தில் அந்தக் குழந்தைக்குப் பள்ளியில் ஒரு பொறுப்பு கொடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ நூலகப் புத்தகம் அடுக்குவதோ. ஒதுக்கப்பட்டுவிட்டோம் என்ற எண்ணம் வேர்விட்டால் பிறகு எந்தப் பாடமும் எட்டாது.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

இத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்ற கணக்கு எதையும் காட்டாது. ஜூலையில் எண்ணிய பத்து நிமிட மீறல்களை நவம்பரிலும் மார்ச்சிலும் அதே முறையில் எண்ணுங்கள். 4, 5ஆம் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே நிறுத்தி, ஒரு முறை எதையோ நீட்டுவதுபோல நடித்துப் பார்த்து, மறுக்கும் மூன்று அசைவும் தடுமாறாமல் வருகிறதா என்று குறியுங்கள். கடை வரைபடத்தை அக்டோபரிலும் பிப்ரவரியிலும் மறுபடி வரைந்து ஜூன் படத்தோடு வைத்துப் பாருங்கள். மாதம் ஐந்து நாளுக்கு மேல் காரணமின்றி வராத குழந்தைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியை விட்டு நழுவுவது எல்லாவற்றுக்கும் முந்திய அறிகுறி. நீ போட்டிருக்கிறாயா என்று குழந்தைகளிடம் பெயரோடு கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். பொய்தான் வரும், பயமும் வரும்.

ஆண்டு நடுவில் ஆசிரியர் மாறிப்போவது இந்தத் திட்டத்தின் பெரிய எதிரி. விதிகள், அணிப் பட்டியல், கோட்டுக் கணக்கு, கடை வரைபடம், புகார் நகல் எல்லாம் ஒரே நோட்டில் இருந்தால் புதிதாக வருபவர் அடுத்த வாரமே தொடரலாம். குழந்தைகளைப் பற்றிய தனிக் குறிப்புகள் மட்டும் வேறு உறையில், தலைமையாசிரியரின் பீரோவில்.

ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஜூனில் வேறு பள்ளிக்கு, பெரும்பாலும் தொலைவில் இருக்கும் பெரிய பள்ளிக்குப் போகிறார்கள். பஸ் நிறுத்தம், புதிய கடைகள், பெரிய வகுப்பு மாணவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்வதால் ஆபத்து கூடுவது அப்போதுதான். ஏப்ரலில் ஒரு நாள் அவர்களை அந்தப் பள்ளிக்கு அழைத்துப்போய், ஆறாம் வகுப்பு ஆசிரியரைப் பார்க்கவைத்து, கழிப்பறை, நூலகம், விளையாட்டு மைதானம் எங்கே என்று காட்டிவிட்டு வாருங்கள். ஜூலையில் ஒருமுறை போன் செய்து, யாரெல்லாம் ஒழுங்காக வருகிறார்கள் என்று கேளுங்கள்.